வலியும் அரிப்பும் ஆய்வகத்தில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலியையும் அரிப்பையும் ஆராயும் ஆய்வகத்தில் வேலை என்று சொன்னால் முதலில் ஒரு சிரிப்பு வரும், அடுத்து ஒரு முழங்கால் வலிக் கதை வரும், அதன் பிறகுதான் கேள்வி வரும். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. சுண்டெலிகளின் வீடியோவை மெதுவாக ஓடவிட்டு, எத்தனை முறை சொறிந்தது என்று எண்ணுவதில்தான் என் பகல் பாதி கழிகிறது. ஆகவே "என் வலிக்கு என்ன மாத்திரை போடலாம்" என்பதற்கு இங்கே பதில் கிடைக்காது.

1. வலின்னா வலி, அரிப்புன்னா அரிப்பு. இதுல ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு?

சுத்தியல் விரலில் பட்டதும் விரலில் இருந்து கிளம்புவது வலி அல்ல, வெறும் மின் துடிப்பு. உடலுக்குச் சேதம் வரும் அளவுக்குச் சூடோ அழுத்தமோ அமிலமோ பட்டால் மட்டும் துடிக்கும் நரம்பு முனைகள் தோலில் இருக்கின்றன. 1906-இல் சார்லஸ் ஷெரிங்டன் அவற்றுக்கு 'நோசிசெப்டர்' என்று பெயர் வைத்தார். ஊறு உணரிகள் என்று சொல்லலாம். அந்தத் துடிப்பு தண்டுவடத்தில் ஒரு நரம்பணுவிடம் கைமாறி, மூளைக்குப் போய், அங்கேதான் 'ஐயோ' ஆகிறது. வழியில் ஒவ்வொரு கைமாற்றத்திலும் செய்தியின் ஒலியைக் கூட்டவும் முடியும், குறைக்கவும் முடியும். எங்கள் ஆராய்ச்சி பெரும்பாலும் அந்தக் கைமாற்றங்களைப் பற்றியதுதான்.

கால் கட்டைவிரலை மேசைக்காலில் இடித்துக்கொண்ட கணத்தை நினைத்துப் பாருங்கள். முதலில் சுருக்கென்று ஒன்று, சற்று இடைவெளி விட்டு, பரவி நிற்கும் மந்தமான வலி ஒன்று. முதலாவது, உறை போட்ட மெல்லிய 'ஏ-டெல்டா' நரம்பிழைகளில் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் வருகிறது. இரண்டாவது, உறையில்லாத 'சி' இழைகளில் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வேகத்தில் நடந்து வருகிறது. அந்த இடைவெளி உங்கள் காலின் நீளம்.

2. அரிப்புங்கிறது லேசான வலிதானே? வலி குறைவா இருந்தா அரிப்பு, கூடுனா வலி?

ரொம்ப காலம் விஞ்ஞானிகளும் இப்படித்தான் நினைத்தார்கள். அது உண்மையானால் அரிப்பைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அது வலியாக மாற வேண்டும். மாறுவதில்லை. அரிக்கும் இழையை மெல்லிய மின்சாரத்தால் தூண்டி, தூண்டும் வேகத்தை ஏற்றினால் இன்னும் பயங்கரமாக அரிக்கிறது, அவ்வளவுதான். உடல் காட்டும் எதிர்வினையும் நேர் எதிர். வலித்தால் கையை இழுத்துக்கொள்கிறோம்; அரித்தால் அதே இடத்தைத் தேடிப்போய் நகத்தால் தாக்குகிறோம். 1660-இல் ஜெர்மன் மருத்துவர் சாமுவேல் ஹாஃபென்ரெஃபர் அரிப்புக்கு எழுதிய இலக்கணம் இன்றும் செல்லும்: சொறியத் தூண்டும் விரும்பத்தகாத உணர்வு. இதைவிட நன்றாக யாரும் சொல்லிவிடவில்லை.

1997-இல் மனிதத் தோலில், அரிப்பைக் கிளப்பும் உடற்பொருளான ஹிஸ்டமினுக்கு நீண்ட நேரம் துடித்த, தொடுதலுக்கு அசையாத 'சி' இழைகளை மார்ட்டின் ஷ்மெல்ஸ் குழு பதிவு செய்தது. விழித்திருக்கும் ஆளின் நரம்புக்குள் மெல்லிய ஊசி மின்முனையைச் செருகி, ஒரே ஓர் இழையின் துடிப்பைக் கேட்கும் முறை அது. 2007-இல் சோ-ஃபெங் சென் குழு, சுண்டெலித் தண்டுவடத்தில் ஜிஆர்பிஆர் என்ற ஏற்பி (செய்திப்பொருள் வந்து பொருந்தும் புரதம்) இல்லாவிட்டால் சொறிவது குறைகிறது, வலி அப்படியே இருக்கிறது என்று காட்டியது. 2009-இல் அந்த ஏற்பியுள்ள நரம்பணுக்களையே அழித்துப் பார்த்தபோது சொறிவது கிட்டத்தட்ட நின்றேபோனது. வலிச் சோதனைகளில் மாற்றமே இல்லை. அரிப்புக்கென்று தனி வழி உண்டு என்பது அங்கே உறுதியானது. ஆனால் அந்த வழிக்கு மதில் சுவர் கிடையாது. அதைக் கடைசிக் கேள்வியில் பார்ப்போம்.

3. எலி என்ன வாய் திறந்தா சொல்லும், அதுக்கு வலிக்குதுன்னு?

சொல்லாது. இந்தத் துறையின் மொத்தத் தலைவலியும் இந்த ஒரு வரிதான். நாங்கள் அளப்பது வலியை அல்ல, வலித்தால் செய்யக்கூடிய ஏதோ ஒன்றை. கண்ணாடித் தளத்தின் கீழிருந்து சூடான ஒளிக்கற்றையைப் பாதத்தில் பாய்ச்சி, எத்தனை நொடியில் காலை எடுக்கிறது என்று பார்ப்போம். கம்பி வலை மேல் சுண்டெலியை விட்டு, கீழிருந்து நைலான் இழையால் பாதத்தை அழுத்துவோம். இழை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட விசையில் வளையும். சுண்டெலிக்குப் பெரும்பாலும் 2 கிராமுக்குள் முடிந்துவிடும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேக்ஸ் ஃபான் ஃப்ரே குதிரை முடியை வைத்துத் தொடங்கியது, இன்றும் பெயர் அவர் பெயர்தான்.

இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. காலை இழுப்பது தண்டுவட அனிச்சை, மூளை தேவையே இல்லை. மனிதர்களோ "காலை இழுத்துக்கொள்கிறேன், சரி பண்ணுங்கள்" என்று மருத்துவரிடம் போவதில்லை. "நாள் முழுக்க வலிக்கிறது, தூக்கமில்லை" என்றுதான் போகிறார்கள். அதனால் வேறு வழிகளும் வந்தன. 2010-இல் ஜெஃப்ரி மோகில் குழு சுண்டெலியின் முகத்தைப் படித்தது: கண் இடுங்குகிறதா, மூக்கும் கன்னமும் உப்புகின்றனவா, காதும் மீசையும் எப்படி நிற்கின்றன என்று மதிப்பெண் போடுவது. இன்னொரு வழி, வலி மருந்து கிடைத்த அறையைப் பிறகு எலி தானாகத் தேடிப்போகிறதா என்று பார்ப்பது. காயமில்லாத எலிக்கு அந்த அறைமேல் தனி ஆசை வருவதில்லை. வலியிருந்த எலிக்கு வருகிறது. எலி 'சொல்வது' என்று ஏதாவது உண்டானால் எனக்கு இதுதான் அது.

4. சரி, வலிக்குதா அரிக்குதான்னு எப்படிப் பிரிக்கிறீங்க? ரெண்டுக்கும் அது காலைத்தானே தூக்கும்?

எனக்குப் பிடித்த கேள்வி. கழுத்துக்குப் பின்னால் ஊசி போட்டால் உண்மையில் பிரிக்க முடியாது. எரிந்தாலும் அரித்தாலும் பின்னங்கால்தான் அங்கே எட்டும். 2008-இல் ஷிமாடாவும் லமோட்டும் ஊசியைக் கன்னத்துக்கு மாற்றினார்கள். கன்னத்தில் மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினைச் செலுத்தினால் சுண்டெலி முன்னங்கையால் பின்னிருந்து முன்னாக, தூசியைத் தட்டுவதுபோல ஒரே இழுப்பாகத் துடைக்கிறது. ஹிஸ்டமினைச் செலுத்தினால் தலையைச் சாய்த்து, பின்னங்காலைத் தூக்கி, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சொறிகிறது. துடைத்தால் வலி, சொறிந்தால் அரிப்பு. இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். இடத்தை மாற்றினால் போதும் என்று யாருக்கோ தோன்றியதுதான் விஷயம்.

எண்ணும் விதி இது: கால் தூக்கியதில் இருந்து தரையில் வைக்கும்வரை, அல்லது நகத்தை நக்க வாய்க்குக் கொண்டுபோகும்வரை, ஒரு முறை. இடையில் எத்தனை இழுப்பு என்பது கணக்கில்லை. எந்த எலிக்கு எந்த மருந்து என்று எண்ணுகிறவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைப் பார்த்துவிடும். என் கண்ணும்தான்.

5. வாயில்லாப் பிராணியை இப்படி வதைக்கிறது பாவமில்லையா?

கேட்பவர்கள் பெரும்பாலும் கோபத்தோடு கேட்கிறார்கள், கோபம் நியாயமானது. வலியை ஆராய எங்கோ ஒரு வலி வேண்டியிருக்கிறது என்பதை மழுப்ப நான் தயாரில்லை. 1959-இல் ரஸ்ஸலும் பர்ச்சும் வைத்த மூன்று விதிகள்தான் அடிப்படை: விலங்கில்லாமல் முடிந்தால் அப்படியே செய், எண்ணிக்கையைக் குறை, துன்பத்தைக் குறை. வலி ஆய்வுக்கென்றே தனி நெறிமுறைகளைப் பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 1983-இல் வெளியிட்டது. சூட்டுச் சோதனையில் எலி காலை எடுக்காவிட்டாலும் குறித்த நொடியில் ஒளி தானாக அணைந்துவிடும். காலை எடுத்துத் தப்பிக்கும் வசதி எலியின் கையில் இருக்க வேண்டும். மேலே சொன்ன முகக் கணக்கு இப்போது ஆய்வுக்கு வெளியேயும், எலிக்கு வலி மருந்து தேவையா என்று கவனிக்க உதவுகிறது.

6. மிளகாய் சுடுற மாதிரி எரியுதே, நிஜமாவே சூடா?

சூடு இல்லை, ஆனால் நரம்புக்கு வித்தியாசம் தெரியாது. 1997-இல் டேவிட் ஜூலியஸ் ஆய்வகம் கேப்சைசின் வந்து பொருந்தும் புரதத்தைக் கண்டுபிடித்தது. டிஆர்பிவி1 என்று பெயர். நரம்பு முனையின் சவ்வில் இருக்கும் ஒரு சிறு வாயில். இதே வாயில் ஏறத்தாழ 43 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு பட்டாலும் திறக்கும். அது திறந்ததும் கால்சியமும் சோடியமும் உள்ளே பாய்ந்து நரம்பு துடிக்கும். திறந்தது அடுப்பா மிளகாயா என்று மூளைக்குச் செய்தி போவதில்லை. குளிர்ச்சிக்கு டிஆர்பிஎம்8 என்று ஒரு வாயில், மெந்தால் பொருந்துவது அதில். கடுகின் நெடிக்கு டிஆர்பிஏ1. ஜூலியசும், தொடுதலை உணரும் பீசோ வாயில்களைக் கண்ட ஆர்டெம் பட்டபூட்டியனும் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

7. அப்போ எரியிற மிளகாயையே வலிக்கு மருந்தா ஒட்டுறாங்களாமே, அது எப்படி?

அந்த வாயிலை விடாமல் திறந்தே வைத்தால் கால்சியம் வெள்ளமாகப் புகுந்து நரம்பின் நுனி செயலிழந்து பின்வாங்கிவிடும். 8 சதவீதக் கேப்சைசின் ஒட்டுப்பட்டை இப்படித்தான் வேலை செய்கிறது. அக்கி வந்து போன பிறகு தங்கும் நரம்பு வலிக்கு 2009-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒருமுறை ஒட்டினால் சில மாதம் தாங்கலாம். பிறகு நுனிகள் மெல்ல வளர்ந்து வந்துவிடும்.

இதே வாயிலை வைத்து 2007-இல் இன்னொரு வேடிக்கை செய்தார்கள். சாதாரண மரப்பு ஊசி வலியோடு தொடு உணர்வையும் தசை அசைவையும் சேர்த்தே நிறுத்திவிடும். பல் மருத்துவரிடம் போய்வந்த பிறகு வாய் கோணிப் பேசுவது அதனால்தான். நரம்புக்குள் நுழைய முடியாத மின்னேற்றமுள்ள மரப்பு மருந்து ஒன்றைக் கேப்சைசினோடு சேர்த்து எலிக்குக் கொடுத்தார்கள். டிஆர்பிவி1 உள்ள வலி நரம்பில் மட்டும் கதவு திறந்து மருந்து உள்ளே போனது. வலி மரத்தது, கால் நடந்தது. மருந்தாக இன்னும் கைக்கு வரவில்லை என்றாலும் யோசனையின் அழகு போகாது.

8. சொறிஞ்சா சுகமா இருக்கு, அப்புறம் ரெண்டு மடங்கா அரிக்குது. ஏன்?

அரிப்பு அடங்குவது தண்டுவடத்தில். சொறிவது ஒரு சிறு வலி. அந்த வலிச் செய்தி தண்டுவடத்தில் உள்ள தடுப்பு நரம்பணுக்களை எழுப்பி அரிப்புச் செய்தியை அமுக்குகிறது. இந்தத் தடுப்பு நரம்பணுக்களில் ஒரு வகை இல்லாமல் பிறந்த சுண்டெலிகள் தோல் புண்ணாகும்வரை சொறிகின்றன. இடித்த இடத்தைத் தேய்த்தால் வலி குறைவதும் உறவுமுறையில் இதற்குப் பக்கம்தான்; அதற்கு 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் 'வாயில் கட்டுப்பாடு' என்ற கோட்பாட்டைச் சொன்னார்கள். நுணுக்கங்கள் மாறிவிட்டன, அடிப்படை நிற்கிறது.

பிறகு இரண்டு மடங்காவது தோலில். 2025 ஜனவரியில் டேனியல் கப்லான் குழு வெளியிட்ட ஆய்வில், ஒவ்வாமை கிளப்பிய காதோடு இருந்த சுண்டெலிகளில் சிலவற்றின் கழுத்தில், அறுவை முடிந்த நாய்க்கு மாட்டுவார்களே, அந்தக் கூம்புப் பட்டையின் குட்டி வடிவத்தை மாட்டிவிட்டார்கள். அரிப்பு இருக்கும், சொறிய முடியாது. அவற்றின் காது வீங்கியது குறைவு. சொறிந்தவற்றில், வலி நரம்புகள் 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற பொருளைக் கக்கி, தோலில் உள்ள மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்பு அணுக்களைக் கிளறிவிட்டு அழற்சியைக் கூட்டின. அதே ஆய்வில், சொறிந்த தோலில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி குறைந்ததும் தெரிந்தது. ஆக, சொறிவது முழு முட்டாள்தனம் இல்லை. அதற்காக அனுமதிச் சீட்டும் இல்லை.

9. அலர்ஜி மாத்திரை போட்டும் அரிப்பு நிக்கல. மாத்திரை போலியா?

மாத்திரை சரிதான், பூட்டு வேறு. அந்த மாத்திரைகள் ஹிஸ்டமினை மட்டும் தடுக்கும். தடிப்புத் தடிப்பாக வந்து மறையும் வகைக்கு அது போதும். எக்ஸிமா, சிறுநீரகக் கோளாறு, பித்தநீர் தேக்கம் ஆகியவற்றால் வரும் அரிப்பில் ஹிஸ்டமினின் பங்கு சிறிது. 2009-இல் ஷின்சோங் டாங் குழு, மலேரியா மருந்தான குளோரோகுயின் கிளப்பும் அரிப்பு, ஹிஸ்டமின் பக்கமே போகாமல் எம்ஆர்ஜிபிஆர் குடும்ப ஏற்பிகள் வழியாக வருகிறது என்று காட்டியது.

எக்ஸிமாவில் நோயெதிர்ப்பு அணுக்கள் விடும் ஐஎல்-4, ஐஎல்-13, ஐஎல்-31 என்ற சைட்டோகைன்கள் (செய்திப் புரதங்கள்) நரம்பிடமே நேரடியாகப் பேசுகின்றன என்பது அண்மைக் காலப் பெரிய திருப்பம். ஐஎல்-4, ஐஎல்-13 இரண்டுக்கும் பொதுவான ஏற்பியை அடைக்கும் டுபிலுமாப் 2017-இலும், ஐஎல்-31-இன் ஏற்பியை அடைக்கும் நெமோலிசுமாப் 2024-இலும் அமெரிக்க அனுமதி பெற்றன. ஆய்வகத்தில் எலி சொறிந்த எண்ணிக்கையில் தொடங்கி நோயாளியின் இரவுத் தூக்கம்வரை போய்ச் சேர்ந்த கதை என்றால், வலியைவிட அரிப்புத் துறையில்தான் இப்போது அதிகம் காட்ட முடிகிறது.

10. நீங்க அரிப்பைப் பத்திப் பேசப் பேச எனக்கு அரிக்குதே?

எல்லோருக்கும்தான். ஜெர்மனியில் ஒரு குழு பொதுச் சொற்பொழிவு நடத்தி, பேன், உண்ணி, சொறியும் ஆட்கள் என்று படம் காட்டி, பிறகு மென்மையான தோல், குழந்தைகள் என்று காட்டியது. கேமரா பார்த்துக்கொண்டிருந்தது அவையை. முதல் பாதியில் சொறிந்தவர்கள் அதிகம். இது சுண்டெலிக்கும் தொற்றும் என்று 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. மற்ற ஆய்வகங்கள் திரும்பச் செய்தபோது கிடைக்கவில்லை. எலி விஷயத்தில் நான் நம்பாத பக்கம்.

11. வலியே தெரியாத ஆட்கள் இருக்காங்களாமே? குடுத்து வச்சவங்க!

2006-இல் வெளிவந்த ஆய்வு வடக்குப் பாகிஸ்தானின் மூன்று குடும்பங்களைப் பற்றியது. அதற்குத் தூண்டுகோலான சிறுவன் தெருவில் வித்தை காட்டுகிறவன். கையில் கத்தியைச் செருகுவான், தணலில் நடப்பான். ஆய்வாளர்கள் அவனைச் சோதிக்கும் முன்பே, 14 வயதை ஒட்டி, கூரையில் இருந்து குதித்து இறந்துபோனான். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளில் சிலருக்கு நாக்கின் நுனியே இல்லை, சின்ன வயதில் தாங்களே கடித்துக்கொண்டது. கொடுத்து வைத்தவர்கள் என்று சொல்ல முடியுமா?

காரணம் எஸ்சிஎன்9ஏ என்ற ஒரே மரபணு. வலி நரம்பின் நேவ்1.7 சோடியம் வாயிலை அது உருவாக்குகிறது. அது வேலை செய்யாவிட்டால் வலி இல்லை. அதே மரபணு வேறு விதமாகத் திரிந்து வாயில் எளிதாகத் திறந்துகொண்டால், லேசான வெதுவெதுப்புக்கே கை கால் சிவந்து தீயாய் எரியும் நோய் வருகிறது. அது 2004-லேயே தெரிந்திருந்தது.

12. மரபணுவே கையில கிடைச்சிருச்சு, அதை அடைக்க ஒரு மாத்திரை போட வேண்டியதுதானே?

உலகின் பெரிய மருந்து நிறுவனங்கள் எல்லாம் இதையே கேட்டு இறங்கின, நேவ்1.7 மருந்து இன்னும் எதுவும் தேறவில்லை. ஒரு காரணம் 2015-இல் தெரிந்தது. பிறவியிலேயே அந்த வாயில் இல்லாதவர்களின் உடல் தனக்குள்ளேயே மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை வலி அடக்கியை அதிகம் சுரக்கிறது. அப்படிப்பட்ட ஒரு பெண்ணுக்கு ஓபியாய்டைத் தடுக்கும் நலோக்சோன் கொடுத்தபோது, வாழ்க்கையில் முதல் முறையாகச் சூட்டு வலியை உணர்ந்தார். பிறப்பில் இருந்தே வாயில் இல்லாமல் இருப்பதும், நாற்பது வயதில் மாத்திரையால் முக்கால்வாசி அடைப்பதும் ஒன்றல்ல.

பக்கத்து வீட்டு வாயிலான நேவ்1.8-இல் கதை சற்று நன்றாகப் போனது. சுசெட்ரிஜின் என்ற மருந்துக்கு 2025 ஜனவரி 30-இல் திடீர் வலிகளுக்காக அமெரிக்க அனுமதி கிடைத்தது. நேவ்1.8 பெரும்பாலும் உடலின் வெளி நரம்புகளில் இருப்பதால் ஓபியாய்டு போலப் பழக்கமாகும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆனால் துள்ள வேண்டாம். அறுவைக்குப் பிந்தைய வலியில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை வென்றது. ஓபியாய்டு சேர்ந்த ஹைட்ரோகோடோன்-பாராசிட்டமால் கலவையை வெல்லவில்லை. கால் வரை இறங்கும் முதுகு நரம்பு வலிக்கான இரண்டாம் கட்டச் சோதனையில் மருந்துப் பிரிவிலும் வெற்று மாத்திரைப் பிரிவிலும் வலி ஒரே அளவில், 10-க்குச் சுமார் 2 புள்ளி, குறைந்தது.

13. எலிக்குக் குணமாகுது, மனுஷனுக்கு மட்டும் ஏன் தோத்துப் போகுது? காசு வேஸ்ட்தானே?

தோல்வி ஒரே வகை இல்லை. 'சப்ஸ்டன்ஸ் பி'யின் ஏற்பியை அடைக்கும் மருந்துகள் விலங்குகளில் வலியைக் குறைத்தன, மனிதர்களிடம் குறைக்கவில்லை. அவற்றில் ஒன்றான அப்ரெபிடன்ட் 2003-இல் கீமோதெரபி வாந்திக்கு மருந்தாகிப் பிழைத்துக்கொண்டது. டிஆர்பிவி1-ஐ அடைக்கும் மருந்துகளின் சிக்கல் வேறு: அந்த வாயில் உடல் வெப்பத்தைக் காப்பதிலும் பங்கெடுக்கிறது, அதனால் ஒரு சோதனையில் காய்ச்சல் 40 டிகிரியைத் தாண்டியது. நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தை அடைக்கும் டனெசுமாப் மூட்டு வலியைக் குறைக்கவே செய்தது, ஆனால் சிலருக்கு மூட்டு வேகமாகத் தேய்ந்தது. 2021-இல் அமெரிக்க ஆலோசனைக் குழு 19-க்கு 1 என்று எதிராக வாக்களித்தது.

எலிப் பக்கத்துக் குற்றமும் உண்டு. மூன்றாவது கேள்வியில் சொன்ன அனிச்சைச் சிக்கல் முதலாவது. எங்கள் எலிகள் இளசு, பல காலம் பெரும்பாலும் ஆண். நாள்பட்ட வலி உள்ள மனிதர்களில் அதிகம் நடுத்தர வயதுப் பெண்கள். எலிக்கு வாரக் கணக்கில் வலி, மனிதருக்கு ஆண்டுக் கணக்கில். ஆய்வு செய்பவர் யார் என்பதுகூடக் கணக்கைக் கெடுக்கிறது. 2014-இல் மோகில் குழு, அறையில் ஆண் ஆய்வாளர் இருந்தால், ஏன், ஆண் போட்டுக் கழற்றிய டி-சட்டை இருந்தாலே, எலிகளின் வலி அறிகுறி குறைகிறது என்று காட்டியது. வாசனையால் வரும் மன அழுத்தம் வலியை மறைக்கிறது. நான் இதைப் படித்த நாளில் எங்கள் பழைய பதிவேட்டைப் புரட்டினேன்; எந்த நாள் யார் அளந்தார்கள் என்ற பத்தியே அதில் கிடையாது. இப்போது இருக்கிறது.

அதனால்தான் உறுப்பு தானம் செய்தவர்களின் முதுகுத்தண்டோரம் உள்ள நரம்பு முடிச்சுகளை எடுத்து நேரடியாகப் படிப்பது இப்போது பெருகியிருக்கிறது. எந்த அணுவில் எந்த ஏற்பி என்ற கணக்கில் மனிதனும் எலியும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. அதை மருந்து செய்வதற்கு முன்பே தெரிந்துகொள்வது மலிவு.

14. ஆபரேஷன்ல முதுகுல மார்ஃபின் போட்டாங்க. வலி போச்சு, ஒடம்பெல்லாம் அரிச்சுது. அலர்ஜியா?

பெரும்பாலும் அலர்ஜி இல்லை. தண்டுவடத்தருகே செலுத்தும் மார்ஃபினின் வழக்கமான பக்கவிளைவு அது. அலர்ஜி மாத்திரைக்கு அவ்வளவாகக் கட்டுப்படாது, நலோக்சோனுக்குக் கட்டுப்படும். எட்டாவது கேள்வியின் தடுப்பு நரம்பணுக்களை நினைத்துக்கொள்ளுங்கள்: மார்ஃபின் அவற்றையும் தூங்க வைத்தால் அரிப்பின் கடிவாளம் அவிழ்ந்துவிடும் என்பது ஒரு விளக்கம். அரிப்பு நரம்பணுவிலேயே மார்ஃபின் ஏற்பி உண்டு என்பது இன்னொன்று. எனக்கு முதலாவதுதான் வலுவாகத் தெரிகிறது.

ஓபியாய்டு ஏற்பிகளில் மார்ஃபின் பொருந்துவது 'மியூ'. 'கப்பா' என்ற மற்றொன்றைத் தூண்டினால் அரிப்பு அடங்குகிறது. டயாலிசிஸ் நோயாளிகளின் அரிப்புக்கு ஜப்பானில் 2009-இல் வந்த நால்ஃபுராஃபினும், அமெரிக்காவில் 2021-இல் வந்த டிஃபெலிகெஃபாலினும் இந்த வழிதான்.

15. காயம் ஆறி வருஷமாச்சு, ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல. வலி மனசுலதான்னு சொல்றாங்க. உண்மையா?

1983-இல் கிளிஃபர்ட் வூல்ஃப், காயத்துக்குப் பிறகு தண்டுவடமே கூர்மையாகிவிடுகிறது என்று காட்டினார். முன்பு கண்டுகொள்ளாத தொடுதலுக்கும் அது வலியைப் போலப் பதில் சொல்லத் தொடங்குகிறது. வெயிலில் கருகிய தோளில் சட்டை பட்டால் வலிப்பது இதன் சிறு மாதிரி. சிலருக்கு இந்தக் கூர்மை காயம் ஆறிய பிறகும் இறங்குவதில்லை. ஸ்கேன் திசுவைக் காட்டும். நரம்பு செய்தியைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்று காட்டாது. பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் திருத்திய இலக்கணத்தில், திசு சேதத்தோடு தொடர்புள்ள அனுபவம் மட்டுமல்ல, அதை 'ஒத்த' அனுபவமும் வலிதான் என்று சேர்த்தது. ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றும் குறிப்பு எழுதியது.

'மனசுல' என்று சொல்கிறவர்கள் அதைப் பொய் என்ற அர்த்தத்தில்தான் சொல்கிறார்கள். 1978-இல் ஞானப்பல் பிடுங்கியவர்களுக்கு வலி மருந்து என்று வெற்று மருந்தைக் கொடுத்தார்கள். சிலருக்கு வலி குறைந்தது. அவர்களுக்கு நலோக்சோன் கொடுத்ததும் வலி ஏறியது. அதாவது நம்பிக்கை மூளையில் உண்மையான ஓபியாய்டைச் சுரக்க வைத்திருந்தது. மனதில் நடப்பதும் வேதியியல்தான்.

16. அரிப்புக்குத் தனி வழின்னீங்க. அப்போ அதே நரம்பை வேற எதை வச்சுத் தூண்டினாலும் அரிக்கணுமே?

இதைக் கேட்டவர் ஒரு பள்ளி மாணவி. எங்கள் துறைக்கு வரவேண்டியவர். 2013-இல் டாங் குழு இதைத்தான் செய்தது. டிஆர்பிவி1 முற்றிலும் இல்லாத சுண்டெலியில், எம்ஆர்ஜிபிஆர்ஏ3 என்ற ஏற்பியுள்ள நரம்புகளுக்கு மட்டும் அதைத் திரும்ப வைத்தார்கள். கன்னத்தில் கேப்சைசின் போட்டார்கள். நாலாவது கேள்விப்படி எலி துடைக்க வேண்டும். சொறிந்தது. பொருள் வலியுடையது, நரம்பு அரிப்பினுடையது, ஜெயித்தது நரம்பு.

ஆனால் மனிதரிடம் இதைச் செய்து பார்க்கும்போது கோடு அழிகிறது. பூனைக்காலிக் காயின் மேலிருக்கும் சுணை முட்களில் உள்ள மியூகுனைன் என்ற நொதிதான் அந்தக் கொடூர அரிப்புக்குக் காரணம், ஹிஸ்டமின் இல்லை. முட்களைச் சூடாக்கினால் நொதி அழிந்து முள் வெறும் முள்ளாகிவிடும். அந்த வெறும் முள்ளின் நுனியைக் கேப்சைசினில் தோய்த்து, தன்னார்வலரின் முன்கைத் தோலின் மேலடுக்கில் மெல்லக் குத்தினால், எரிச்சலோடு பலருக்கு அரிப்பும் வருகிறது. அதே பொருளை ஊசியால் பரவலாகச் செலுத்தினால் பெரும்பாலும் எரிச்சல்தான். ஒரு புள்ளியில் சில நரம்புகள் மட்டும் துடித்தால் மூளை அரிப்பு என்று படிக்கிறதோ, சுற்றிலும் எல்லாம் துடித்தால் வலி என்று படிக்கிறதோ என்ற கேள்வி இன்னும் மேசைமேல் இருக்கிறது. தனி வழியும் உண்டு, கூட்டத்தின் வடிவமும் உண்டு என்பது என் கட்சி.

இப்படிப்பட்ட ஆய்வில் ஒருமுறை நானே தன்னார்வலராகக் கையை நீட்டினேன். முள் குத்தியதே தெரியவில்லை. சில நொடி கழித்து, தோலுக்கு அடியில் யாரோ நூலை இழுப்பதுபோல ஆரம்பித்தது. விதி ஒன்றே ஒன்று: சொறியக்கூடாது. சில நொடிக்கொரு முறை எண் சொல்ல வேண்டும், பூஜ்யம் முதல் நூறு வரை. நான் நாற்பது, ஐம்பது என்று சொல்லிக்கொண்டு போனேன். பிறகு வீடியோவைப் போட்டுப் பார்த்தால், மற்றக் கை மேசைக்குக் கீழே முழங்காலைச் சொறிந்துகொண்டிருக்கிறது.